கைடு முன்னால், காற்று நம் முதுகில்

ஸ்கூபா டைவிங் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன மாதம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான், ஆளுக்கொரு விதமாக: கூட்டமாக ஒரு கைடுக்குப் பின்னால் போகும்போது ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? மீதி எல்லாம் விலை விசாரணை. விலை எனக்குத் தெரியாது, சீசனுக்கு ஒன்று சொல்கிறார்கள். மற்றதற்கு வருவோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தேன். மொத்தமே ஒன்பது டைவ். ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தோம். ஆறு பேருக்கு ஒரு கைடு. என் சான்றிதழ் 18 மீட்டருக்குத்தான், ஆனால் அவர் இறங்கிக்கொண்டே போனார், ஒரு கட்டத்தில் என் டைவ் கம்ப்யூட்டர் ஆழம் 28 மீட்டர் என்று காட்டியது. சிலிண்டரில் காற்றழுத்தம் 60 பார் ஆனதும் அவரிடம் விரலால் காட்டினேன். ஓகே என்று கை காட்டிவிட்டுத் திரும்பி நீந்தினார். கடைசியில் அவருடைய இரண்டாவது ரெகுலேட்டரில் (வாயில் கவ்வி மூச்சு இழுக்கும் கருவி) மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே வந்தேன். படகில் ஏறிக் கேட்டால் "அதான் ஒண்ணும் ஆகலையே மேடம்" என்கிறார். தப்பு யாருடையது?
– வாசகி, சென்னை

இரண்டு பேருடையதும். கோபம் வரும், தெரியும். முதலில் அவரைத் திட்டிவிடுகிறேன், அப்புறம் உங்களிடம் வருகிறேன்.

18 மீட்டர் கார்டு வைத்திருப்பவரை, அதுவும் ஒன்பது டைவ் மட்டும் செய்தவரை, 28-க்குக் கூட்டிப்போனது தவறு. 60 பார் என்று ஒருவர் சொன்ன பிறகும் கூட்டத்தைத் திருப்பாதது பெரிய தவறு. "ஒண்ணும் ஆகலையே" என்பது இரண்டையும்விட மோசம், ஏனென்றால் அடுத்த வாரமும் அவர் இதையேதான் செய்வார் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கடைக்கு எழுதுங்கள். அவருக்குச் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதலாம், புகாரை வாங்கி விசாரிக்க அவர்களிடம் ஏற்பாடு உண்டு.

சரி, இப்போது உங்கள் பக்கம். 28 என்று காட்டிய கம்ப்யூட்டர் உங்கள் மணிக்கட்டில் இருந்தது. அது 19 என்றும் காட்டியிருக்கும், 22 என்றும் காட்டியிருக்கும். அங்கேயே நின்று கைடின் கவனத்தைத் திருப்பியிருக்கலாம். ஏன் நிற்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், நானும் நின்றதில்லை. ஒரு தீவில், ஊர் பெயர் வேண்டாம், எனக்கு அப்போது முப்பது டைவ் ஆகியிருக்கும், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. கைடு காலில் மாட்டியிருந்த மஞ்சள் ஃபின்னைப் பார்த்தபடியே போனேன். அவர் ஆமையைக் காட்டினார், ஆமையைப் பார்த்தேன். பாறை இடுக்கில் விலாங்கைக் காட்டினார், அதையும் பார்த்தேன். எதற்கோ காற்றின் அளவைக் காட்டும் கேஜைத் திருப்பினால் ஊசி சிவப்புக்குள் கிடக்கிறது, 40 பார். கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தால், குதிப்பதற்கு முன் படகில். நடுவில் முப்பத்துச் சொச்சம் நிமிஷம் நான் டைவ் செய்யவே இல்லை, பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்திருக்கிறேன். டிரைவர் என்று நான் நினைத்தவருக்கு என் கேஜ் தெரியாது. அது என் இடுப்பில் தொங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சாதாரண அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர், 200 பார் அடைத்தால் உள்ளே 2200 லிட்டர் காற்று. நிதானமாக நீந்தும் ஒருவர் நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், இது தண்ணீரின் மேல்மட்டத்தில். கீழே போகப் போக, ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு 20 கூடும். 18 மீட்டரில் 56 லிட்டர், 28-ல் 76. 200-லிருந்து 50 பாருக்கு இறங்க 18 மீட்டரில் 29 நிமிஷம் ஆகும், 28-ல் 21 நிமிஷம்தான். கைடு தினமும் கடலில் கிடப்பவர், அவருக்கு 12 லிட்டர் போதும். அவர் கேஜில் 120 இருக்கும்போது உங்களுக்கு 60 என்பது இப்படித்தான் ஆகிறது. அவரைப் பார்த்து நம் காற்றைக் கணக்கிடுவது பக்கத்து வீட்டு மீட்டரைப் பார்த்து நம் கரன்ட் பில்லைக் கட்டுவது மாதிரி.

அந்த 60 பாருக்கு வருவோம். 28 மீட்டரிலிருந்து நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிஷம் நின்று மேலே வர ஒருவருக்குச் சுமார் 240 லிட்டர் வேண்டும், அதாவது 21, 22 பார். பயந்துவிட்டால் மூச்சு இரட்டிக்கும், 43 பார். கூட வந்தவருக்கும் காற்று தீர்ந்து அவரும் உங்கள் சிலிண்டரையே பிடித்துக்கொண்டால் 85-ஐத் தாண்டிவிடும். உங்களிடம் இருந்தது 60. கைடின் ஆக்டோபஸ், அதாவது அந்த இரண்டாவது ரெகுலேட்டர், உங்களைக் கரை சேர்த்தது, நல்லது, ஆனால் அந்த நேரத்தில் இன்னொருவருக்கும் காற்று குறைந்திருந்தால் அவர் யாரிடம் போயிருப்பார்? ஆறு பேர் இருந்தீர்கள்.

இன்னொன்று. 60 என்று காட்டினீர்கள், அவர் ஓகே காட்டினார். "60-ஆ, பார்த்துவிட்டேன்" என்பதற்கும் அதே ஓகேதான், "பரவாயில்லை, வா" என்பதற்கும் அதே ஓகேதான். எண்ணைச் சொல்வது தகவல். கட்டைவிரலை மேலே தூக்கிக் காட்டினால் "மேலே போகிறேன்" என்று முடிவைச் சொல்கிறீர்கள், அதற்குப் பதிலும் கட்டைவிரல்தான். ஓகேவை ஒத்துக்கொள்ளாதீர்கள், முகத்துக்கு நேரே போய் மறுபடி காட்டுங்கள். கரையில் நமக்குக் கட்டைவிரல் என்றால் "சூப்பர்", அதனாலேயோ என்னவோ புதியவர்கள் கடலுக்கடியில் அதைக் காட்டத் தயங்குகிறார்கள். மற்ற ஐந்து பேர் காசு கொடுத்து வந்திருக்கிறார்களே, என்னால் கெடுகிறதே என்ற கூச்சமும் உண்டு. டைவைப் பாதியில் நிறுத்தும் உரிமை கூட்டத்தில் எல்லாருக்கும் உண்டு, காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை, அதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டில் பழைய ஏற்பாடு. சுளித்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால்: டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரை நடந்த 947 டைவிங் மரணங்களை எடுத்து, முதலில் எது தவறியது என்று தேடிப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். தொடக்கக் காரணம் தெரிந்தவற்றில் 41 சதவீதம் காற்றுக் குறைவு. சுறா இல்லை, சிலிண்டர் வெடிப்பும் இல்லை. கேஜைப் பார்க்காததும், பார்த்தும் சும்மா இருந்ததும்தான்.

கடைசியாக ஒன்று உறுத்துகிறது. உங்கள் கடிதத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள், கைடு இருக்கிறார். கீழே உங்களையும் நீங்கள் அவரையும் கவனித்துக்கொள்ள வேண்டிய உங்கள் ஜோடி எங்கே?

நான் தனியாகப் பயணம் போகிறவன். ஒவ்வொரு படகிலும் யாரோ ஒருவரைக் காட்டி "இவர்தான் உங்க படி (buddy)" என்று ஜோடி சேர்க்கிறார்கள். போன தடவை கிடைத்தவர் கேமராக்காரர், பத்து நிமிஷம் ஒரே நண்டு. நான் அவருக்குக் காத்திருப்பதா, கைடு பின்னால் போவதா?
– வாசகர், பெங்களூரு

நண்டுக்காரர்கள் எல்லாப் படகிலும் ஒருவர் இருப்பார். நல்ல மனிதர்களாகவும் இருந்து தொலைப்பார்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் ஒருவர் கல்லோடு கீழே இறங்குவார், இன்னொருவர் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வதுண்டு. அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு கூடும், மச்சானுக்கோ தன் கூடப்பிறந்தவள் தாலி. கயிறு யார் கையில் என்று அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நாம் படகில் ஏறிப் பத்து நிமிஷத்தில், பெயர் கூடச் சரியாகக் காதில் விழாத ஒருவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

அந்தப் பத்து நிமிஷத்தையாவது பயன்படுத்துங்கள். கடைசியாக எப்போது டைவ் செய்தீர்கள், காற்று சீக்கிரம் தீருமா, கேமரா உண்டா என்று கேளுங்கள். கேமரா உண்டென்றால் "நான் லைட்டை மூன்று முறை ஆட்டினால் கிளம்ப வேண்டும்" என்று அங்கேயே பேசி வைத்துவிடுங்கள். குதிக்கும் முன் ஒருவர் கிட்டை ஒருவர் தொட்டுப் பாருங்கள்: பிசிடி (காற்றடைத்து மிதக்கும் ஜாக்கெட்) ஊதுகிறதா, வெயிட் எங்கே, எப்படிக் கழற்றுவது, எந்த பக்கிள் எங்கே, வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா. வால்வைச் சரிபார்க்கும்போது கேஜைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலு முறை மூச்சு இழுங்கள். ஊசி ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. படகுப் பையன் மாட்டிக் கொடுத்தான், அவனுக்குத் தெரியாதா என்று விடுபவர்கள் நிறைய. அவன் ஒரு காலையில் இருபது சிலிண்டர் மாட்டுகிறான், உங்களுக்கு இருப்பது ஒன்று.

கீழே ஜோடி காணாமல் போனால் ஒரு நிமிஷம் தேடுங்கள், சுற்றிலும், மேலே குமிழியையும் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் மெதுவாக மேலே வந்துவிடுங்கள், அவரும் அதையே செய்வார். செய்வாரா என்பதையும் படகிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கைடா நண்டுக்காரரா என்ற கேள்விக்கு: நண்டுக்காரர். கைடையும் உங்களோடு நிறுத்த வேண்டியது உங்கள் டார்ச்சின் வேலை.

எனக்கும் கணவருக்கும் நீச்சல் தெரியாது. அந்தமானில் முதல் தடவை டைவுக்கு நீச்சலே வேண்டாம், பயிற்றுநர் கடைசிவரை பிடித்துக்கொண்டே இருப்பார், நாம் எதுவும் செய்ய வேண்டாம் என்கிறார்கள். நிஜமா?
– வாசகி, திருநெல்வேலி

பிடித்துக்கொண்டிருப்பது நிஜம். சான்றிதழ் இல்லாதவர்களைக் கூட்டிப்போகும் அந்த அறிமுக டைவில் பயிற்றுநர் உங்கள் சிலிண்டரைப் பின்னால் பிடித்துக்கொண்டு, ஜாக்கெட்டில் காற்றை ஊதுவதும் விடுவதும் அவரே பார்த்துக்கொள்வார். 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. முதல் கேள்விக்காரருக்குச் சொன்ன கேஜ் கணக்கெல்லாம் இங்கே அவர் தலையில்தான்.

ஆனால் "எதுவும் செய்ய வேண்டாம்" என்பது வியாபாரப் பேச்சு. உங்கள் மூச்சை அவர் விட முடியாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த மூச்சு, அடக்கிக்கொண்டே மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் பலூன் இல்லை, கிழியும். ஆளுயரம் கூட இல்லாத ஆழத்திலிருந்து இப்படி அடிபட்டவர்கள் உண்டு. எனவே அவர் சொல்லும் ஆயிரம் விஷயத்தில் மூச்சை அடக்காதே என்பது ஒன்று மட்டும் மறக்கவே கூடாது. நீச்சல் தெரியாதவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், தண்ணீர் முகத்தில் பட்டதும் நமக்கு வரும் முதல் பழக்கமே மூச்சை அடக்குவதுதான், குளத்தில் மூக்கைப் பிடித்து முங்கி வளர்ந்தவர்கள் நாம்.

காது வலியும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். முதல் சில மீட்டரில்தான் காதுக்குள் இருக்கும் காற்று அதிகமாகச் சுருங்கும், வலி வரும் முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். வலித்தால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காதைக் காட்டுங்கள். பொறுத்துக்கொண்டு போய்ச் செவிப்பறை போனவர்கள் வீரர்கள் இல்லை. சளி இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம், டிக்கெட் காசு போனால் போகட்டும்.

முன்பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? நீச்சல் தெரியாதவர் என்றால் ஒருவருக்கு ஒருவர் என்று சொல்லும் கடையாகப் பாருங்கள். வீடியோ யார் எடுப்பது? உங்களைப் பிடித்திருக்கும் அதே ஆள் இன்னொரு கையில் கேமராவும் வைத்திருந்தால், நீங்கள் திணறுவதையும் அவர் திரையில்தான் பார்ப்பார். அந்த வீடியோ எனக்கு வேண்டாம், தனியாக ஒருவர் எடுத்தால் மட்டும் சரி என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், முடிந்தால் ஊருக்குத் திரும்பி நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். தாமிரபரணி ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு!

சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போதும் பனிக்காலத்தில் இன்ஹேலர். கடையில் கொடுத்த மெடிக்கல் ஃபாரத்தில் "எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க சார், இல்லாட்டி டாக்டர் லெட்டர் கேட்பாங்க" என்றார்கள். போட்டுவிட்டேன், டைவும் நன்றாக இருந்தது. தப்பா?
– வாசகர், சேலம்

தப்பு. உங்களுடையது, கடையுடையது, இரண்டும்.

சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்ளும். நீங்கள் மூச்சை அடக்காவிட்டாலும், ஏறும்போது அந்தக் காற்று விரிந்து போக வழியில்லாமல் நுரையீரலைக் கிழித்து ரத்தத்துக்குள் போகலாம், அங்கிருந்து மூளைக்கு. சிலிண்டர் காற்று வறண்டது, குளிர்ந்தது, அதுவே சிலருக்கு வீசிங்கைக் கிளப்பும். ஆஸ்துமா இருந்த எல்லாரும் டைவ் செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. நுரையீரல் மருத்துவர் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை எடுத்துப் பார்த்துச் சரி என்றால் பலர் போகிறார்கள். அந்தப் பரிசோதனைக்கு ஆகும் காசும் நேரமும் உங்கள் விமான டிக்கெட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அந்தக் காகிதத்தை நாம் பாஸ்போர்ட் ஆபீஸ் ஃபாரம் மாதிரி பார்க்கிறோம், எதையாவது நிரப்பி உள்ளே போனால் போதும் என்று. கீழே உங்களுக்கு இழுப்பு வந்தால் கைடு என்ன நினைப்பார்? புதியவர், பயந்துவிட்டார், கையைப் பிடித்துச் சமாதானப்படுத்துவோம் என்று நினைப்பார். இன்ஹேலர் ஆசாமி என்று தெரிந்திருந்தால் உடனே மேலே கொண்டுவந்திருப்பார். அந்த "நோ" ஏமாற்றியது காப்பாற்ற வேண்டிய ஆளை. இன்ஷூரன்ஸ்காரர் பின்னால் அதே காகிதத்தை எடுத்து நீட்டுவார் என்பது தனிக் கதை.

மெர்சிங் சம்பவத்துக்குப் பிறகு என் மனைவி டைவிங் வேண்டாம் என்கிறாள். படகுக்காரரும் கைடும் ஆளை எண்ணுகிறார்கள், இதில் நான் செய்ய என்ன இருக்கிறது?
– வாசகர், கிள்ளான்

தெரியாதவர்களுக்கு: 2022 ஏப்ரல் 6-ம் தேதி மலேசியாவின் ஜொகூரில் மெர்சிங் கடலில் ஒரு பயிற்றுநரும் மூன்று பேரும் டைவ் முடித்து மேலே வந்தபோது படகைக் காணவில்லை. பயிற்றுநர் மறுநாள் கிடைத்தார். இருவர் 9-ம் தேதி, வெகு தூரம் அடித்துக்கொண்டு போன பிறகு. 14 வயதுப் பையன் பிழைக்கவில்லை. உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அவரிடம் புள்ளிவிவரம் பேசாதீர்கள்.

எண்ணுவதைப் பற்றி. 1998 ஜனவரி 25, ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் டாம், எய்லீன் லோனர்கன் என்ற அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரைக்கு வந்துவிட்டது. எண்ணினார்கள், எண்ணிக்கை சரியென்றே நினைத்தார்கள். படகில் கிடந்த அவர்களுடைய பையைப் பார்த்து, இரண்டு நாள் கழித்துத்தான் யாருக்கோ உறைத்தது. உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. குவீன்ஸ்லாந்தில் ஆள் எண்ணும் விதிகள் அதற்குப் பிறகுதான் இறுகின.

அந்த இருவர் மேல் நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன், நிறுத்திய இடத்தில் படகு நிற்கும் என்று நம்புவது குற்றமில்லை. ஆனால் நாம் எண்ணிக்கையை எளிதாக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அவரவர் வாயால் பதில் சொல்ல வேண்டும், "அவர் டாய்லெட்ல இருக்கார்" என்று இன்னொருவருக்காகச் சொல்லவே கூடாது. உங்கள் ஜோடி ஏறிவிட்டாரா என்று கண்ணால் பாருங்கள். எண்ணாமல் இன்ஜின் கிளப்பினால் சத்தம் போடுங்கள், அந்த நேரத்தில் மரியாதை பார்க்க வேண்டாம்.

தண்ணீரில் உங்கள் கையில் இருக்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஊதினால் ஆளுயரத்துக்கு நிற்கும் ஆரஞ்சு மிதவைக்குழாய், எஸ்எம்பி என்பார்கள். இன்னொன்று விசில். அலை நடுவே மனிதத் தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது. கொஞ்ச தூரம் தள்ளிப் படகிலிருந்து பார்த்தால் இல்லவே இல்லை. கைடிடம் ஒன்று இருக்கிறதே என்பார்கள். நீரோட்டம் கூட்டத்தைப் பிரித்துவிட்டால் கைடின் மிதவை கைடோடு போய்விடும். வாங்கி வைத்தால் மட்டும் போதாது, கீழேயிருந்து ஊதி அனுப்பிப் பழக வேண்டும். முதல் முறை எல்லாருமே கயிற்றில் சிக்கிக்கொள்வோம், அது நீச்சல் குளத்தில் நடக்கட்டும்.

மனைவி இன்னும் வேண்டாம் என்றால்? கேளுங்கள். பெர்ஹென்தியான், தியோமன் தீவுகள் எங்கேயும் ஓடிவிடாது.

கடைசி நாள் காலை இரண்டு டைவ், மதியம் போர்ட் பிளேரிலிருந்து ஃப்ளைட். கடைக்காரர் பிரச்சினை இல்லை என்கிறார்.
– வாசகர், ஈரோடு

பிரச்சினை உண்டு. ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் அல்லது பல நாள் தொடர்ந்து என்றால் 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும். விமானத்துக்குள் அழுத்தம் கிட்டத்தட்ட கொடைக்கானல் மாதிரி, உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாக வெளிவரும். அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை போர்ட் பிளேர் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது, உங்களுக்கு மூட்டு வலி ஆரம்பிக்கும்போது நீங்கள் வங்கக் கடலுக்கு மேல் பறந்துகொண்டிருப்பீர்கள். கடைசி நாளை செல்லுலார் ஜெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் டைவ் செய்துவிட்டு அன்றைக்கே காரில் கொடைக்கானல் போகிறவர்களுக்கும் இதேதான்.

நான் மறுபக்கத்து ஆள். பாசிக்குடாப் பக்கம் சுழியோட்ட வழிகாட்டியாக வேலை. ஐம்பது டைவ், நூறு டைவ் என்று கதைக்கிறார்கள், தண்ணீருக்குள் இறங்கினால் மிதக்கத் தெரியாது. அட்வான்ஸ்ட் கார்டை நீட்டி "ஹெர்மிஸ் காட்டுங்கோ" என்று நிற்கிறார்கள். ஏலாது என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். ஏதும் நடந்தால் பழி எங்கள் தலையில். அவர்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்.
– வாசகர், மட்டக்களப்பு

இவ்வளவு நேரம் அவர்களுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் தம்பி, இப்போது உங்களோடு.

ஹெர்மிஸ் 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், 53 மீட்டர் வாக்கில் கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்குக்கு எல்லை 40, அட்வான்ஸ்ட் கார்டுக்கு 30. அங்கே போவதற்கென்று தனிப் பயிற்சி பெற்றவர்கள் போகட்டும். அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றே தலைக்கேறும், கள் குடித்தது மாதிரி கணக்குத் தப்பும், காற்று மேல்மட்டத்தைவிட ஆறு மடங்குக்கு மேல் செலவாகும். கார்டு நீட்டியவருக்கு ஏலாது என்று சொல்லுங்கள். உங்கள் தமிழில் அந்தச் சொல் எங்கள் "முடியாதுங்க"வைவிட உறுதியாகவே கேட்கிறது. பக்கத்துக் கடைக்குப் போனால் போகட்டும். அன்றைக்கே மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பல் அதைவிட மிகக் குறைந்த ஆழத்தில் உங்கள் பக்கத்திலேயே கிடக்கிறதே, அதையே முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனை டைவ் என்று கேட்காதீர்கள், எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். கடைசி டைவ் எந்த மாதம் என்று கேளுங்கள். கிட்டை அவர்களையே மாட்டச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிப்பது மாதிரி தள்ளி நின்று பாருங்கள். நூறு டைவ்காரர் ரெகுலேட்டரைத் தலைகீழாக மாட்டுவார், அப்போது எல்லாம் வெளிச்சமாகிவிடும். முதல் டைவ் கரையோரம் ஐந்தாறு மீட்டரில், எல்லாருக்கும், விதிவிலக்கு இல்லாமல்.

ப்ரீஃபிங்கில் மீன் பெயர்களைக் குறைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வழி காட்டுவேன், 100 பாரில் எல்லாரையும் கேட்பேன், எண்ணாகச் சொல்ல வேண்டும், ஓகே என்று சொன்னால் மறுபடி கேட்பேன், உங்கள் கேஜை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். இப்படிச் சொன்னால் முகம் சுருங்கும் ஆள் ஒருவர் இருப்பார். தண்ணீருக்குள் அவர் பக்கத்தில் நீந்துங்கள்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். மேலே சென்னைக்காரர் எழுதிய கைடை உங்களுக்குத் தெரிந்திருக்கும், எல்லாக் கடையிலும் ஒருவர் உண்டு. 60 பாரைப் பார்த்து ஓகே சொல்லிவிட்டு நீந்திய அவருக்கு அன்று அது மூன்றாவது கூட்டமாக இருந்திருக்கலாம், களைத்திருக்கலாம். உங்களுக்கும் கட்டைவிரல் இருக்கிறது. களைத்த அன்று மூன்றாவது கூட்டத்துக்கு முன் முதலாளியிடம் அதைக் காட்டியிருக்கிறீர்களா?

மாஸ்க் கண்ணாடியில் ஆவி படிகிறது என்றால் எச்சில் துப்பித் தேய்க்கச் சொல்கிறார் கைடு. உவ்வே. வேறு வழி?
– வாசகி, தஞ்சாவூர்

குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு, தேய்த்து லேசாக அலசினால் போதும். ஆனால் ஷாம்பு கண் எரியும், எச்சில் எரியாது, இலவசம் வேறு. உங்கள் மாஸ்க்கில் நீங்களே துப்புங்கள், அன்புமிகுதியில் கைடு துப்பித் தரும் முன்.